செஞ்சியும் திண்டிவனமும் ஒரே இடத்தில்

இதையெல்லாம் எழுத எனக்குத் தகுதி இல்லை. பிளஸ் டூவோடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் தண்ணீர் குடிக்கிற சாக்கில் நழுவிவிடுவேன். கம்ப்யூட்டரைப் பற்றி எழுத முறையாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இடத்தில் வந்து உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். நான் சொல்லப்போவது என்னுடைய ஒரு தப்பைப் பற்றி மட்டும்தான்.

இரண்டாயிரத்து மூன்று வாக்கில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். டைப்பிங், லேமினேஷன், அதோடு கம்ப்யூட்டர் ஜாதகம். ஜாதகம் போடும் மென்பொருளை முதலாளி யாரிடமோ காப்பி எடுத்து வந்திருந்தார். ஒரு நாள் வைரஸ் வந்து அது படுத்துவிட்டது. சி.டி.யிலும் கீறல்.

மேஜை டிராயரில் ஒரு பத்திரிகையோடு வந்த, விண்டோஸுக்குப் பதிலாக ஓட்டக்கூடிய லினக்ஸ் சி.டி. கிடந்தது. அதைப் போட்டுப் பார்த்தேன். அதில் ஜிசிசி என்று ஒரு கம்பைலர் இருந்தது. நாம் எழுதும் வரிகளை, கம்ப்யூட்டர் ஓட்டக்கூடியதாக மாற்றித் தருவது அதன் வேலை. காசு கிடையாது. அது எப்படி எழுதப்பட்டது என்பதையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம்.

முதலாளி முகம் சுளித்தார். "சும்மா குடுக்கிறான்னா உள்ள இன்னாத்தையோ வெச்சிருக்கான்மா. மொய் வாணாம்னு பத்திரிகையில போடறவன் வீட்டுக்குத்தான் நான் ரெட்டிப்பா வெச்சிட்டு வர்றேன்."

எனக்கும் சந்தேகம்தான். நாம் எழுதியதில் தப்பிருந்தால் கம்பைலர் வரி எண்ணைச் சொல்லித் திட்டும். தப்பாகத் தெரியவில்லை என்றால் ஒன்றுமே சொல்லாது. அந்த மௌனத்தைத்தான் நான் நம்பவில்லை. நானே பேசாதவள். பேசாதவர்கள் மனசுக்குள் என்னென்ன வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் ஆறு மாதம் உட்கார்ந்து, ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, ஜாதகம் போடும் நிரல் ஒன்றை எழுதினேன். கிரகங்களின் இருப்பைக் கணக்கிடும் பகுதி இலவசமாகவே கிடைத்தது. ஊர்ப் பட்டியலும் லக்னக் கணக்கும் நான் எழுதியவை. பழைய ஜாதகங்கள் இருபதோடு ஒப்பிட்டேன். ராசிக் கட்டங்கள் எல்லாம் ஒத்துப்போயின. கடையில் அதையே ஓட்டினோம்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு விழுப்புரத்தில் ஒரு வரன் வந்தது. எலக்ட்ரிக் கடை வைத்திருந்தார். எனக்கு வயது முப்பத்தொன்று. ஒரு நாள் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்போல் கடைக்கு வந்தார். விழுப்புரத்தில் இல்லாத ஜெராக்ஸா என்று நானும் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டேன். கறுப்புத் திரையில் ஓடும் வெள்ளை எழுத்துகளைப் பார்த்து, "இது நீங்களே எழுதனதாங்க?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். "நல்லா கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் சந்தேகத்தின் சாயலே இல்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பிறந்த ஊர் திண்டிவனம் என்று கொடுத்து, என் ஜாதகத்தை என் நிரலில்தான் போட்டு அனுப்பினோம். கன்னி லக்னம், ரிஷபத்தில் செவ்வாய், தோஷம் இல்லை. பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் அவருடைய அக்கா கடைக்கு வந்தார். செஞ்சியில் வாழ்க்கைப்பட்டவர். கையில் எனக்கு விழுப்புரத்தில் போட்ட இன்னொரு ஜாதகம். அதே தேதி, அதே நேரம். ஆனால் துலாம் லக்னம். செவ்வாய் எட்டாம் இடத்துக்கு வந்து தோஷமாகிவிட்டது. அவர் தம்பிக்குத் தோஷம் கிடையாது. துலாம்தான் சரியென்றால் சம்பந்தம் இல்லை.

"இன்னாம்மா, உன் ஜாதகத்த நீயே போட்டுக்கினியா?" என்றார், உட்காராமலே.

"கம்ப்யூட்டர்தாங்கா போட்டுது."

"அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுத்தது யாரு? நீதான? பரீட்ச எழுதனவளே பேப்பர் திருத்தனா நூத்துக்கு நூறுதான்."

முதலாளி குறுக்கே வந்தார். "அதுல ஒண்ணும் ஒளிக்க முடியாதுங்கம்மா. எல்லாம் தொறந்து கெடக்குது, யார் வேணா பாக்கலாம்." இத்தனை நாள் சந்தேகப்பட்டவர் அப்படிப் பேசியது எனக்கே ஆச்சரியம்.

"அப்ப எனக்குக் காட்டு."

நிரலைத் திரையில் திறந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இங்கிலீஷ் எழுத்துகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். புரிந்திருக்காது. ஆனால் நகரவும் இல்லை.

"இதுல திண்டிவனம் எங்க இருக்குது?"

பட்டியலைக் காட்டினேன். ஒவ்வோர் ஊருக்கு எதிரேயும் அது பூமியில் இருக்கும் இடத்தின் பாகையும், பாகையில் அறுபதில் ஒரு பங்கான கலையும் இருந்தன.

"எங்க செஞ்சி?"

அதையும் காட்டினேன்.

"அதே நேரத்துக்குச் செஞ்சியில பொறந்தன்னு போட்டுப் பாரு."

போட்டேன். கன்னி, இருபத்தொன்பது பாகை, நாற்பது கலை. திண்டிவனத்துக்கு வந்த அதே எண். பிறந்த ஊர் மாறினால் லக்னம் கொஞ்சமாவது நகர வேண்டும்; ஒரு கலைகூட மாறவில்லை. நாங்கள் முதலில் அனுப்பிய தாளைப் பையிலிருந்து எடுத்துத் திரையோடு வைத்து அவரும் பார்த்தார்.

"ரெண்டும் பக்கத்து ஊருதானேக்கா" என்று என் வாய் சொல்லிவிட்டது. சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

"பக்கமா? பஸ்ஸுல இடிபட்டு ஒரு மணி நேரமா வந்தேன். உன் பொட்டியில ரெண்டு ஊரும் ஒரே எடத்துல குந்திக்கினு கீது!"

முதலாளி என் காதருகே குனிந்தார். "கரண்டு போச்சுன்னு சொல்லி ஆஃப் பண்ணிடு. நாளைக்கு வரச் சொல்லலாம்."

சுவிட்ச் என் காலடியில்தான் இருந்தது. கால் அதன்மேல் போய்க்கூட நின்றது. முதலில் கம்பைலரைத்தான் சந்தேகப்பட்டேன். இலவசமாக வந்தது, இப்போது புத்தியைக் காட்டுகிறது என்று நினைத்தேன். பிறகு அந்த வரியைப் பார்த்தேன். ஊரின் கலையை அறுபதால் வகுத்து பாகையோடு கூட்டும் வரி. இந்த மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மிச்சத்தைத் தள்ளிவிடும். திண்டிவனத்தின் முப்பத்தொன்பதை அறுபதால் வகுத்தால் சைபர். செஞ்சியின் இருபத்தைந்துக்கும் சைபர். பிறந்த நேரத்துக்கு 60.0 என்று புள்ளி வைத்து எழுதியவள், ஊருக்கு வெறும் 60 என்று எழுதியிருந்தேன். கம்பைலர் எதையும் ஒளிக்கவில்லை. நான் எழுதியதை அப்படியே செய்திருந்தது. ஒரு லக்னம் முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லையில் பிறந்தவர்களுக்குத்தான் அந்தத் தப்பு கட்டத்தில் தெரியும். நான் அப்படிப் பிறந்தவள்.

காலை எடுத்தேன். புள்ளியும் சைபரும் சேர்த்து மறுபடி கம்பைல் செய்தேன். அது வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டினேன். துலாம், பூஜ்யம் பாகை, பத்தொன்பது கலை.

"தப்பு என்னோடதுதாங்கா. விழுப்புரத்துல போட்டதுதான் சரி."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். திரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். "இப்ப சொன்னது நெசமா, இல்ல இதுவும் நீ மாத்தனதா?"

புதுத் தாளை அச்செடுத்துக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு செஞ்சி பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் பதினொரு மணிக்கு விழுப்புரத்திலிருந்து போன் வந்தது. ஜாதகம் பொருந்தவில்லை என்று முதலாளியிடம் சொன்னார்கள். நான் கடையில் அதுவரை போட்ட ஜாதகங்களை மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலத்துக்குள் அறுபத்து மூன்று முடிந்தன. ஒன்றில் மட்டும் லக்னம் மாறியது. அந்த வீட்டுக்குக் கார்டு எழுதிப் போட்டேன்.