ஆகாயத்தில் ஓர் உபயம்

உரும்பிராய் பிரகலாதனுக்கு ஐம்பத்தாறு வயதில்தான் ஒரு சுழல் கதிரை வாய்த்தது. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் கோயில் களஞ்சிய அறையில், குத்துவிளக்குகளுக்கு நடுவே சாக்கில் குந்தியிருந்தவர் அவர். யாழ்ப்பாண நகரில் புதிதாகத் தொடங்கும் ஓவியக்கூடத்துக்குக் காவலாளி தேவை என்றதும் ஓடிவந்துவிட்டார். கதிரை சுழன்றது, தலைக்கு மேலே மின்விசிறியும் சுழன்றது. இனி இதைவிட்டு எழும்புவதில்லை என்று முதல் நாளே முடிவுகட்டினார்.

ஆனால் திறப்பு விழாவுக்குள் இருபத்தைந்து ஓவியம் சேர வேண்டும். சேராவிட்டால் கட்டடத்தைத் திருப்பி எடுத்து, டெங்கு நுளம்புக்குப் புகையடிக்கிற இயந்திரங்களை வைக்கப்போவதாக அதைத் தந்த மாநகரசபையார் சொல்லிவிட்டார்கள். செயலாளர் ஜெயனி, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, நாலு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்தது ஒன்பது. புகை இயந்திரத்துக்குக் காவலாளி எதற்கு? பிரகலாதனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஜெயனி இரண்டு நாள் கொழும்புக்குப் போன நேரம் அவர் ஒன்பது படங்களையும் சுற்றிப் பார்த்துத் திடுக்கிட்டார். ஒன்றிலாவது கொடுத்தவரின் பெயர் இல்லை. கோயிலுக்கு ஒரு டியூப் லைற் கொடுத்தாலும், பாதி வெளிச்சத்தை மறைத்தபடி உபயகாரரின் பெயர், ஊர், இப்போது இருக்கும் நாடு எல்லாவற்றையும் சிவப்பில் எழுதிப் பழகிய கை அவருடையது. இவ்வளவு பெரிய படத்தைக் கொடுத்த மனிதரை இப்படியா அவமதிப்பது? வீட்டுக்குப் போய் எனாமல் பெயின்ற் பேணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

கீரிமலைக் கடல் ஓவியத்தில் ஆகாயம் சும்மாதானே கிடந்தது. ‘உபயம்: புத்தூர் செல்வத்துரை குடும்பம், கனடா’ என்று பதிவேட்டைப் பார்த்து அதில் அரையடி எழுத்தில் எழுதினார். மாட்டுப் படத்தில் மாட்டின் வயிறு வசதியாக இருந்தது. ஒரு கிழவரின் உருவப்படத்தில்தான் இடமே இல்லை, நெற்றியில் திருநீற்றுக் கோடுகளுக்கிடையே பொடியாக எழுத வேண்டியதாயிற்று.

திரும்பி வந்த ஜெயனி அப்படியே சுழல் கதிரையில் விழுந்தார். கொடுத்ததை வெளியில் சொல்வதே கூச்சம் என்று மெதடிஸ்த வீட்டில் வளர்ந்தவர் அவர். எழுத்துக் கோணலாகிவிட்டதாக்கும் என்று நினைத்த பிரகலாதன், நூல் பிடித்துத்தான் எழுதியதாகச் சத்தியம் செய்தார்.

“பிரகலாதன் அண்ணை,” என்றார் ஜெயனி, “நாளைக்குக் கதவுத் திறப்பைத் தந்திட்டு வீட்டை போங்கோ.”

மறுநாள் காலை திறப்பை இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுக்கக் கையை நீட்டும்போது, விடுமுறைக்கு வந்திருந்த செல்வத்துரை உள்ளே நுழைந்தார். ஜெயனி மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் கடலுக்கு முன்னால் நின்று கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அறுபது வருடம் தங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய படம் இவ்வளவு வடிவென்று இன்றைக்குத்தான் தெரிகிறது என்றார். பதினொரு போட்டோ எடுத்துச் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்பினார்.

அன்று பின்னேரமே அவருடைய சம்பந்தி லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் இரண்டு ஓவியங்களோடு வந்து இறங்கினார். சம்பந்தி கொடுத்தால் மச்சான் சும்மா இருப்பாரா? ஒரு கிழமைக்குள் கூடம் நிரம்பத் தொடங்கியது. கலண்டர் படங்களோடு வந்தவர்களை ஜெயனி திருப்பி அனுப்பினார். அடிமட்டத்தோடு வந்து பக்கத்துப் படத்தின் எழுத்தை அளந்தவர்களை அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிரகலாதன் திறப்பைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

விழா நாள் காலை எண்ணினால் இருபத்துநாலு. பிரகலாதன் மூன்றாம் முறையும் எண்ணிப் பார்த்தார். ஜெயனி வீட்டுக்குப் போய், படுக்கை விரிப்பில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். பத்தொன்பது வயதில் அவரே கீறி வரைந்த பலாமரம். ஒருவருக்கும் காட்டக் கூச்சப்பட்டு நாற்பது வருடம் அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாராம்.

பிரகலாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த மரத்தைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் பட்ட பாட்டை மறக்காமல், இதில் பெயர் வேண்டாம்தானே என்று பணிவாகக் கேட்டுவைத்தார்.

ஜெயனி ஆகாயத்தைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், கிழவரின் நெற்றியையும் பார்த்தார்.

“கீறினதும் நான், குடுத்ததும் நான்,” என்றார். “ரெண்டையும் எழுதுங்கோ அண்ணை. செல்வத்துரையின்ரையிலும் பார்க்கப் பெரிசா.”