காத்தாயி பேரில் முப்பத்தேழு வருஷம்

ரெங்கம்மா கொழுந்து பறித்தது முப்பத்தேழு வருஷம். தோட்டத்துப் பதிவில் அவள் ஒரு நாள்கூடப் பறிக்கவில்லை. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இது ஒன்றும் நடக்காத கதையில்லை. அதே தோட்டத்தில் பேர் பதிந்திருந்த அக்காள் காத்தாயி கல்யாணமாகிப் பண்டாரவளைக்குப் போனபோது, புதுப் பேர் பதிய நாளாகும் என்று கங்காணி ஒரு வழி சொன்னார்.

"அக்கா பேருலயே வேலைக்கு எறங்கு புள்ள. பொறகு மாத்திக்கலாம்."

கங்காணி காலமாகிவிட்டார். அந்தப் 'பொறகு' வரவேயில்லை. காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, காத்தாயி என்று கூப்பிட்டால் ரெங்கம்மாதான் கூடையோடு முன்னால் வருவாள். துரைமார் பத்துப் பேர் மாறியும் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை.

போன வருஷம் முழங்கால் இனி முடியாது என்றது. விலகல் கடிதம் கொடுத்துவிட்டு, சேவைக்காலப் பணம் கேட்டுத் தோட்டத்து ஆபீசுக்குப் போனாள். கிளாக்கர் அவளுடைய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெங்கம்மான்னு இங்க யாரும் வேலை செய்யலியேம்மா. நாங்க எப்பிடிக் குடுக்கிறது?"

முப்பத்தேழு வருஷத்து மழையும் அட்டைக்கடியும் ஒரே பேச்சில் இல்லாமல் போயின. மறுநாளே பதுளை லேபர் ஆபீசுக்கு பஸ் ஏறினாள்.

அங்கே இருந்த அதிகாரி நூருல் இனாயாவிடம், கெஞ்சுகிற குரலில்தான் ஆரம்பித்தாள். "தொரமாரு மனசு வச்சுக் குடுக்கிற காசு மிஸ். கொஞ்சம் சொல்லிப் பாருங்க."

"மனசு வச்சா? யார் சொன்ன? அது சட்டம். அஞ்சு வருஷம் முடிச்சவங்களுக்குத் தோட்டம் தன்ட காசிலதான் கட்டணும். பேருக்கில்ல, வேலை செஞ்ச ஆளுக்கு. சேமலாப நிதியிலயும் ஒங்கட சம்பளத்தில வெட்டினதுக்கு மேலால அவங்கட பங்கு இருக்கு."

ரெங்கம்மா மலைத்துப் போனாள். தோட்டம் தரும் தீபாவளி முற்பணத்தைக்கூட மாதாமாதம் சம்பளத்தில் கழித்துவிடுவார்கள். திருப்பிக் கொடுக்க வேண்டாத ஒன்று, கேட்காமலே, தன் பெயரைக்கூட அறியாமல், வருஷா வருஷம் தனக்காகச் சேர்ந்துகொண்டிருந்ததா? பனியில் தேயிலை நிரை பிடித்து நின்ற நாளெல்லாம் யாரோ கண்ணுக்குத் தெரியாத ஒருவர் தன்னைக் கவனித்துக்கொண்டே இருந்ததுபோல் உடம்பு சிலிர்த்தது.

ஆனால் அந்த ஆள் இவள்தான் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமே. இனாயா தோட்டத்தின் வருகைப் பதிவான பழைய செக்ரோல் புத்தகங்களைத் தருவித்துப் புரட்டினார். மூன்று இடத்தில் அவர் விரல் நின்றது. காத்தாயிக்குப் பிரசவ லீவு. ரெங்கம்மாவின் மூன்று பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களைப் பக்கத்தில் வைத்தார். நாள் அச்சாகப் பொருந்தியது.

"ஒங்கட அக்கா விசாரணைக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

ரெங்கம்மாவின் முகம் விழுந்துவிட்டது. காத்தாயிக்குப் பிள்ளை இல்லை. கல்யாண வீட்டிலோ சடங்கு வீட்டிலோ யாராவது எத்தனை பிள்ளைகள் என்று வாயைத் திறந்தால் போதும், எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாள். இத்தனை வருஷமாகப் பிள்ளை இல்லை என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

விஷயத்தைப் போனில் சொல்லி, "ஒனக்கு முடியாட்டி விட்ரு அக்கா," என்றாள் ரெங்கம்மா. காத்தாயி போனை வைத்துவிட்டாள்.

விசாரணையன்று காத்தாயி காலை ரயிலில் பதுளை வந்து இறங்கி, தங்கச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோட்டத்துச் சார்பில் வந்தவர் மகா கெட்டிக்காரர்.

"பதிவில காத்தாயின்னு இருக்கு. அந்த லீவு காத்தாயி பெத்த பிள்ளைகளுக்காக ஏன் இருக்கக் கூடாது?"

அறையில் எல்லோரும் காத்தாயியைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்று சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"எனக்குப் புள்ள இல்லீங்க. வயித்துல ஒண்ணுகூடத் தங்கல. நாங்க பாக்காத டாக்டர் இல்ல, போகாத கோயிலுமில்ல. அந்த மூணும் இவ பெத்தது. கொழுந்தும் இவ பறிச்சது."

சட்டத்தைக் கண்டு மலைத்த ரெங்கம்மாவுக்கு இப்போது அக்காளைக் கண்டு கை கூப்பத் தோன்றியது. கண்ணீரில் எதுவும் தெரியவில்லை. இனாயா தலை குனிந்து எழுத ஆரம்பித்தார்.

காத்தாயி உட்கார்ந்து, தங்கச்சியின் முழங்கையை இடித்தாள்.

"அழுதது போதும். ஒம் பேரச் சரியா எழுதுறாங்களான்னு பாருடி."