பக்கிக்குத் தேங்காய் எண்ணெய்

எண்பதுகளில் கொடைக்கானலில் டேப் ரெக்கார்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். வந்ததையெல்லாம் திறந்து பார்த்தேன் என்பதே சரி. ஒரு பனிக்காலத்தில் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார வாத்தியார் ஒருவர், ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். பக்கி என்றார். முழங்கை நீளம்தான். பின்னால் இருந்த மோட்டாரின் இழுப்பை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோனது, பல் வைத்த ஒரு ரப்பர் பெல்ட்.

"சனிக்கிழமை ரேஸ். நீங்க ரெடி பண்ணுங்க. நல்லா ஓடினா எங்க ஸ்கூல் லேப் வேலைக்கு உங்க பேர் சொல்றேன்."

மழை பிடித்தால் மாதக்கணக்கில் என் கடைக்கு ஆள் வராது. லேப் வேலைக்கு மழை ஏது? ஆனாலும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்போதெல்லாம் எதற்குமே ஒன்றும் தோன்றாது. குளிர்மேல் பழியைப் போட்டுவிடுவேன்.

பெல்ட்டை விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். இறுக்கினால் மோட்டார் திணறும், தளர்ந்தால் பல் தாவும். அதைச் சரியாகவே வைத்தேன். பழைய பல் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டினேன். முன்பக்கப் பல்சக்கரப் பெட்டிக்கு எண்ணெய் விட வேண்டும். மெஷின் எண்ணெய் தீர்ந்திருந்தது. வீட்டில் அடுப்போரம் தேங்காய் எண்ணெய்ப் புட்டி கண்ணில் பட்டது. தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. தாராளமாக ஊற்றினேன்.

"ஏங்க, என் தலைக்கே சொட்டு இல்ல, பொம்மைக் காருக்கு எண்ணெக் குளியலா?" என்றாள் மனைவி.

"இது ஓடினா வேலை கெடைக்கும்."

"மொதல்ல நீங்க ஓடுங்க. வெரசாப் போயி கடையத் தெறங்க."

சனிக்கிழமை வெள்ளனே மைதானப் புல் பனியில் வெளுத்துக் கிடந்தது. மற்ற மூன்று கார்களும் பாய்ந்தன. எங்களுடையது நின்ற இடத்திலேயே 'டர்ர்' என்றது. பெல்ட் பல் தாவும் சத்தம். பெட்டியைத் திறந்தேன். உள்ளே வெள்ளை மெழுகு மாதிரி உறைந்து கிடந்தது.

வாத்தியார் மோந்து பார்த்தார். "தேங்காயா?"

"ஆமா சார்."

"நீங்க நல்லா சமைப்பீங்க போல."

கழுவிக் கொடுக்கச் சொல்லி, ரிமோட்டையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். லேப் வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பத்து மணிக்கு வெயில் ஏறியது, பெட்டிக்குள் எண்ணெய் இளகியது. ஆளில்லாத மைதானத்தில் ஓட்டிப் பார்த்தேன். மூன்று சுற்று, முனகல்கூட இல்லை.

"வேலை என்னாச்சு?" என்றாள் மனைவி.

"எண்ணெ ஒறைஞ்சுபோச்சு. வேலையும் போச்சு."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒறையத்தான செய்யும்? தெனமும் நீங்க எந்திரிக்க முன்னாடி அடுப்போரம் வச்சு உருக்குறது யாருன்னு நெனச்சீங்க?"

பதினோரு வருடம் மலையில் இருந்தவன். அன்றுவரை எண்ணெய் உறைந்து நான் பார்த்ததே இல்லை.

அப்போதும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. சாயங்காலம் புதுப் புட்டி ஒன்று வாங்கிவந்தேன். மறுநாள் அவளுக்கு முன்னால் எழுந்து, அடுப்பைப் பற்றவைத்து, பக்கத்தில் அதை வைத்தேன். எழுந்து வந்தவள் புட்டியை ஒரு சாண் தள்ளி வைத்தாள். நான் வைத்த இடத்தில் அது வெடித்திருக்குமாம்.