கொடியைப் பட்டினி போட்ட கதை

அக்காவுக்கு ஒரே ஆசை. கலியாணத்தன்று எங்கள் வாசல் கேற்றுக்கு மேல் படர்ந்திருக்கும் போகன்விலா முழுக்கப் பூத்திருக்க வேண்டும்; அதன் கீழ் நின்று படம் எடுக்க வேண்டும். கலியாணத்துக்கு இன்னும் ஆறு கிழமை, ஒன்றரை மாதம்தான். கொடியிலோ இலையைத் தவிர ஒன்றுமில்லை. றோட்டால் போகும் ஆடுகள் அண்ணாந்து பார்த்து ஏங்கிவிட்டுப் போகிற மாதிரியான பச்சை.

குடும்பத்தில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. புத்தகம் தேடி வாசித்தேன். நல்ல வெயில் வேண்டும், பசளை குறைய வேண்டும், வேர் காய வேண்டும். கோப்பாயில் வெயிலுக்கு என்ன குறை? அப்பாதான் சிக்கல். தோட்டத்து வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் நாளெல்லாம் கொடிக்கும் வாய்க்காலைத் திருப்பிவிடுவார். பசளையாக ஆட்டெரு வேறு.

"தண்ணி விடாதேங்கோ அப்பா. வாடினால்தான் பூக்கும்."

"இதைத்தானோ கம்பசிலை படிப்பிக்கினம்? செடியைப் பட்டினி போடுறதை?"

வாய்க்காலை மண் போட்டு மூடினேன். மறுநாளும் அடி ஈரம். ஒளித்திருந்து பார்த்தால், அம்மா அரிசி கழுவிய தண்ணீரோடு வருகிறார். அதற்கடுத்த நாள் செம்போடு பிடிபட்டது அக்கா!

"உங்கடை கலியாணம் அக்கா!"

"தெரியும். பாக்கப் பாவமாக் கிடக்கடா."

இப்படியே இரண்டு கிழமை போய்விட்டது. ஒருநாள் தோட்டத்தில், தாள் சாய்ந்து முற்றிய வெங்காயத்துக்கு அப்பா இறைப்பை நிறுத்தியிருந்தார்.

"ஏனப்பா இதுக்குத் தண்ணி இல்லை?"

"பிடுங்க முதல் தண்ணி காட்டினால் அழுகிப்போமெல்லே. காயவிட வேணும்."

"கொடியும் அப்பிடித்தான்."

அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அதை முதலே சொல்லுறதுக்கென்ன? வேர், பசளை எண்டு ரெண்டு கிழமையாக் கதைச்சுக்கொண்டு திரியிறாய்."

அன்றிலிருந்து காவல் அப்பா. அரிசித் தண்ணீரோடு போன அம்மாவைப் பாதியில் மறித்துத் திருப்பினார். இலை கொட்டியது. "செத்துப்போச்சு" என்றார் அம்மா. கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்க, நுனிகளில் சிவப்பு எட்டிப்பார்த்தது.

கலியாணத்தன்று கேற்றே தெரியவில்லை, அவ்வளவு பூ. அக்காவைப் படமெடுத்து முடியவில்லை. அப்பா பட்டு வேட்டியோடு சம்பந்திக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: "வெங்காயம் மாதிரித்தான். தண்ணியை மறிச்சுப்போட வேணும். உதெல்லாம் புத்தகத்திலை வராது, பாருங்கோ."

பக்கத்தில் பன்னீர்ச் செம்போடு நின்ற நானும் "ஓம், ஓம்" என்றேன். கொடிப் பக்கம் ஒரு துளியும் படாமல் பார்த்துத்தான் தெளித்தேன்.