கீரைக் கட்டத்தில் ஆறு கையெழுத்து

என் இதயத்தில் ஒரு வால்வு செயற்கை. ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாலை ஏழு மணிக்கு ஒரு மாத்திரை. மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை. எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே இருக்க வேண்டும். எண் ஏறினால் ரத்தம் கசியும், இறங்கினால் உறையும். கீரை குறைந்தால் எண் ஏறும், கூடினால் இறங்கும். ஆகவே எங்கள் வீட்டில் நாளுக்கு எண்பது கிராம் கீரை. தராசு நான் வாங்கியது. என் டைரியில் கீரைக்குத் தனிக் கட்டம் உண்டு.

வளைகுடாவிலிருந்து ஊருக்குப் புறப்பட ஐந்து நாள் இருந்தபோது எண் 6.1 என்று வந்தது. மகளுக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதம். நான் இன்னும் பார்க்கவில்லை.

"இந்த நம்பரோட ஃப்ளைட் ஏற விடமாட்டேன்," என்றார் டாக்டர். "புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"இல்லை" என்று டைரியை நீட்டினேன். பல் தேய்க்கையில் ஆறு நாளாக ஈறில் ரத்தம் என்பதுகூட அதில் இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "கீரை அளவு குறைஞ்சிருக்கலாம் டாக்டர்," என்றேன்.

பக்கத்து நாற்காலியில்தான் மனைவி இருந்தாள்.

"நானா குறைச்சேன்?" கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். "துவைக்கப் போட்ட பேன்ட்ல இருந்துச்சு. டாக்டர்கிட்ட கேக்கணும்னு எடுத்து வச்சேன். இது என்னங்க?"

இங்கே சத்வா கடைத்தெருவில் எனக்குச் சட்டை தைக்கும் பாய், லீவு முடிந்து வரும்போது ஊரிலிருந்து பெட்டியில் பாதி மருந்தாகக் கொண்டுவருபவர். அளவெடுக்கையில் நான் அரிப்பில் நெளிவதைப் பார்த்துவிட்டு, "படைதானே சார்? வாரம் ஒண்ணு போடுங்க, ஓடிரும்," என்று அந்த அட்டையைக் கொடுத்தார். இரண்டு போட்டிருந்தேன். டைரியில் எழுதவில்லை. டைரியை மனைவியும் படிப்பாள். படை வந்த இடம் அப்படி.

டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "உங்க ரத்த மாத்திரையை உடைச்சு வெளியேத்துறது லிவர். இந்தப் படை மாத்திரை அந்த வேலையைத் தடுத்துடும். நீங்க போடுறது அதே டோஸ்தான். ஆனா நேத்து போட்டது தீராம இன்னைக்குப் போட்டதும் சேருது. கீரை மேல தப்பே இல்லை."

"கீரை ஆக்குனவ மேலயும் இல்லை," என்றாள் மனைவி.

படை மாத்திரையை நிறுத்தி, ரத்த மாத்திரையையும் இரண்டு நாள் நிறுத்தச் சொன்னார். மூன்றாம் நாள் 3.2. "போயிட்டு வாங்க. ஊர்ல இறங்குன வாரமே மறுபடி டெஸ்ட் எடுக்கணும்," என்றார்.

வீட்டில் பெட்டி கட்டுமுன் மனைவி டைரியைப் பிரித்தாள். ஈறில் ரத்தம் வந்த ஆறு நாளும் கீரைக் கட்டத்தில் "அளவு குறைவோ?" என்று எழுதியிருந்தேன். ஆறையும் சிவப்பு மையால் அடித்துத் தனித்தனியே கையெழுத்திட வைத்தாள். பிறகு படை மாத்திரை போட்ட இரண்டு நாளையும், படை வந்த இடத்தையும் எழுதச் சொன்னாள். "தொடை" என்று எழுதினேன்.

"தொடையா?"

அடித்துவிட்டுச் சரியாக எழுதினேன்.

ஊரில் மகள் குழந்தையைக் கையில் கொடுத்தபோது எடை கேட்டேன்.

"ஏழு கிலோப்பா."

"உங்கப்பா நம்ப மாட்டாருடி," என்றாள் மனைவி. "பெட்டியில கீரைத் தராசு இருக்கு, எடுத்துட்டு வா."