பேர் கூப்பிட்ட சிஸ்டர்

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு டைபாய்டு வந்து தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். சின்னப் பையன்தானே என்று அம்மாவோடு சேர்த்துப் பெண்கள் வார்டில் போட்டுவிட்டார்கள். எனக்கு அதுவே பெரிய அவமானம். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அடுத்த கட்டிலில் ஓர் அம்மா கண் திறக்காமல் கிடந்தார். குற்றாலத்தில் பாறை வழுக்கி விழுந்து தலையில் அடி. கூட ஆள் இல்லை, பையும் போனும் இல்லை. போலீஸ் விசாரித்தும் யாரென்று தெரியவில்லை. அவருடைய தலைமுடி மட்டும் காயவே இல்லை என்று எனக்குத் தோன்றும்.

நாலு நாளில் அவரைத் திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்கள். அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் பேரில்லாமல் கிடந்தால், தேடி வருகிறவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? எங்கள் வார்டு சிஸ்டருக்கு அதே கவலை. டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், அந்தக் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். குனிந்து ஒரு பெயரைச் சொல்வார். முகத்தையே பார்ப்பார். அசைவில்லை என்றால் அடுத்த பெயர்.

"இசக்கியம்மா... பாத்திமா... செல்வி..."

எதிர்க்கட்டில் அக்கா கேலி செய்தார். "என்ன சிஸ்டர், ஓட்டர் லிஸ்ட் வாசிக்கியளா?"

"இவுக பேரு வார வரைக்கும் வாசிக்கேன்க்கா."

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமா எனக்கு முன்பே சொல்லிவைத்திருந்தார்: "ஏலே, உன் பேரை ஒரு தடவ கூப்பிட்டா பதில் சொல்லிராத. பேய் ரெண்டாந்தடவ கூப்பிடாது." சிஸ்டரும் ஒரு பெயரை ஒருதடவைதான் சொன்னார். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி வெளுத்துப்போயிருந்தது.

அனுப்ப இருந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் சிஸ்டர் சொன்ன பெயர் என் அம்மாவின் பெயர்.

கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த அம்மா பழக்கத்தில் வாயைத் திறந்தார். நான் பாய்ந்து அந்த வாயைப் பொத்தினேன். கஞ்சி போர்வையெல்லாம் கொட்டியது.

"என்னல செய்யுத?" என்று அம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

அப்போது அடுத்த கட்டிலிலிருந்து, "ம்..." என்று பதில் வந்தது.

என் அம்மாவுக்கு வந்த அழைப்பை அந்த அம்மா வாங்கிக்கொண்டார் என்றே நான் நினைத்தேன். சிஸ்டர் அந்தப் பெயரை மறுபடி சொன்னார். மறுபடி "ம்". பிறகு ஊர்களைக் கேட்டார். வாசுதேவநல்லூரா? அச்சன்புதூரா? சுந்தரபாண்டியபுரம் என்றதும் அந்த அம்மாவின் கண்ணோரம் நீர் வழிந்தது.

அந்த ஊருக்குத் தகவல் சொல்லியனுப்ப, மறுநாளே மகன் வந்துவிட்டார். தன் அம்மா அக்கா வீட்டில் இருக்கிறார் என்று நினைத்திருந்தாராம். திருநெல்வேலிக்கு அனுப்பவில்லை.

பேச்சு நன்றாக வந்த அன்று அந்த அம்மா சிஸ்டரிடம் மெதுவாகச் சொன்னார்:

"இருட்டுல நெறைய பேரு வரிசையா உக்காந்திருந்தோம்மா. ஒவ்வொரு பேரா கூப்பிட்டாக. கூப்பிட்டவுக எந்திரிச்சுப் போயிட்டாக. கடைசில நான் ஒருத்திதான் பாக்கி. நம்மளக் கூப்பிட ஆளே இல்லபோலன்னு உக்காந்திருந்தேன்."

எழுந்து போனவர்கள் எங்கே போனார்கள் என்று நினைத்து நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். சிஸ்டர் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மொதல்லயே ஒங்க பேரச் சொல்லியிருக்கணும்மா" என்று அழுதார். காப்பாற்றியவர் எதற்காகத் தப்புச் செய்தவர்போல அழுகிறார் என்று அன்று எனக்குப் புரியவில்லை.