பத்து டாலர் வரிசை

மே பென் ஊரில் டெல்சீட்டாவின் முடியலங்காரக் கடைக்குப் போனால் தலையோடு சேர்த்துப் பங்குச்சந்தையும் பின்னிக்கொண்டு வரலாம். மிளகாய்ச் சாறு கம்பெனி ஒன்றின் பங்கை இரண்டு டாலருக்கு வாங்கி வைத்திருந்தாள். அது ஒன்பதைத் தாண்டியதும், நாற்காலியில் உட்கார்ந்த எல்லாரிடமும், “பத்து ஆகுறவரைக்கும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடை அறையை விற்கப்போகும் உரிமையாளருக்குப் புதன்கிழமைக்குள் முன்பணம் தர வேண்டும். தராவிட்டால் அறை, அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பந்தயச் சீட்டுக் கடைக்காரனுக்குப் போய்விடும். இன்று விற்றால்தான் அதற்குள் பணம் கைக்கு வரும். விலையோ ஒன்பது எண்பதில் நின்றது. எண்ணெய்க் கையோடு போனைத் தொட்டாள், துடைத்தாள், மறுபடி தொட்டாள்.

“என் தலையைப் பாருடி, போன்லயா பேன் இருக்கு?” என்றாள் நாற்காலியில் இருந்த மிஸ் அயோனி.

டெல்சீட்டா போனில் பங்குத் தரகரைக் கூப்பிட்டாள். “கெவான், பத்துக்குப் போட்டுடுப்பா.”

“பத்துக்கு விக்க ஏற்கெனவே பெரிய வரிசை நிக்குது மிஸ் டெல். முன்னாடி சொன்னவங்களுதுதான் முதல்ல போகும். எல்லாம் மே பென் ஆளுங்கதான்.”

அவள் கண்ணாடியில் அயோனியைப் பார்த்தாள். “நீங்களுமா பத்து வரிசையில நிக்கிறீங்க?” அயோனி சிரித்தாள். “நான் போன வாரமே சொல்லி வச்சுட்டேன். நீதானே பத்துன்னே?”

சுவரோரம் காத்திருந்த இரண்டு பேரும் பன்னைக் கடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார்கள்.

தான் கூட்டிய கூட்டத்தின் கடைசியில் தானே நிற்கிறாள். “இப்ப வாங்க யாருப்பா இருக்கா?”

“ஒன்பது எழுபதுக்கு ஒரே ஒருத்தர். உங்ககிட்ட இருக்கறதுல பாதி எடுப்பாரு. அவரும் போயிட்டா விலை இறங்கிடும்.”

முன்பணத்துக்குப் பாதி போதும். அவருக்குக் கொடுத்தால் இவர்களுடைய பத்து இன்னும் தள்ளிப்போகும். ரகசியமாக விற்க அவளுக்கு மனம் வரவில்லை.

“நான் ஒன்பது எழுபதுக்குக் குடுக்கப்போறேன். திட்டணும்னா இப்பவே திட்டிக்குங்க.”

“துரோகி!” என்றாள் அயோனி. “பாதி பின்னின தலையோட என்னை எழுந்து ஓட முடியாம உட்கார வச்சுட்டுச் சொல்றா பாரு!”

“கடை போயிட்டா யார்கிட்ட பின்னிக்குவீங்க?”

டெல்சீட்டா விற்றாள். சாயங்காலம் விலை ஒன்பது நாற்பது.

அறை அவளுக்கென்று உறுதியானது. புதன்கிழமை அயோனி வாசலிலிருந்தே கேட்டாள்: “மீதியை எப்ப விக்கப்போறே?”

“அதை மட்டும் கேக்காதீங்க,” என்று சொல்லிவிட்டு டெல்சீட்டா போனை எடுத்துப் பார்த்தாள்.